எஃப் டூ, இ, பி, என்டர்

அன்று ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிரஸ் முதலாளி அண்ணாச்சி, டைப்பிஸ்ட் ரஹ்மத் அக்கா, மெஷின்மேன் சந்தனம் அண்ணன், ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனி மேனேஜர், டிடிபி பார்க்கும் நான். ஆறாவது ஆள் கிடையாது. பின்னால் பல பேர் “நானும் அங்கனதான் நின்னேன்” என்று கதை சொன்னதால் இதை எண்ணியே எழுதுகிறேன்.

மேனேஜர் ஓர் அட்டைப் பெட்டியை மேஜையில் வைத்தார். பத்து பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், அடங்கும் பெட்டி. அதைச் சுற்றி ஒட்டிய எங்கள் லேபிளின் இரண்டு முனையும் சேரவில்லை. நடுவே அரை இஞ்சுக்கு வெறும் அட்டை தெரிந்தது.

“இந்த வருசம் பெட்டி பெருசுன்னு சீசன் ஆரம்பத்துலயே சொன்னம்லா அண்ணாச்சி? இருபதாயிரம் லேபிளும் இப்படித்தான் வந்திருக்கு. பேக்கிங்ல முப்பது பொம்பளையாளுக சும்மா உக்காந்திருக்காக. இந்த இடைவெளியில நான் என்ன, திருநீறு பூசி அனுப்பவா?”

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. அண்ணாச்சி சந்தனம் அண்ணனைப் பார்த்தார். அவர் வேலை விவரம் அச்சடித்த ஜாப் கார்டை நீட்டினார்.

“கார்டுல என்ன நம்பர் இருக்கோ அந்தப் பிளேட்டத்தான் ரேக்குல இருந்து எடுப்பேன். இதுல போன வருச நம்பர் இருக்கு. கார்ட அடிச்சவுகளக் கேளுங்க.”

கார்டு அடிப்பது ரஹ்மத் அக்கா.

“நான் எப்பவும் அடிக்கிறதத்தான் அடிச்சேன்” என்றார் அக்கா.

“எப்பவும் அடிக்கிறத அடிச்சா எப்படிம்மா போன வருச சைசு வரும்? எட்டாயிரத்து அறுநூறு ரூவா நட்டம். வாரம் முந்நூறு பிடிப்பேன். சீசன் முடியட்டும், இந்த சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் ஓடின. அக்கா ஏதோ கை தவறி அடித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

கீ வந்த கதை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிரஸ்ஸில் ஃபிலிம் ஒட்டப் போய், டிடிபி பழகி, அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்தவன். எதுவும் தொலைந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் எல்லா லேபிள் விவரத்தையும் சொந்த விக்கி ஒன்றில் ஏற்றி வைத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது அது. மொத்த விக்கியும் ஒரே ஃபைல். பிரவுசரில் திறந்தால் லேபிளுக்கு ஒரு பக்கம் வரும். சைஸ், கலர், பிளேட் நம்பர், போன தடவை பார்ட்டி என்ன சொல்லித் திட்டினார் என்பது வரை அதில் இருக்கும். தினமும் ஏழு இடத்தில் காப்பி எடுப்பேன்.

இதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டதும் தொல்லை ஆரம்பித்தது. அச்சு மை ஒட்டாமலிருக்க மெஷினில் அடிக்கும் ஸ்பிரே பவுடர் காற்றில் பறந்து வந்து மவுஸ் உருண்டையில் அப்பிக்கொள்ளும். அம்புக்குறி கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகும். புது மவுஸ் கேட்டால் அண்ணாச்சி, “தொடச்சு வச்சுக்கோலே” என்பார்.

அக்கா ஒரு நாள் மவுஸை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். “இத வச்சு மாரடிக்க என்னால ஆகாது தம்பி. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. கீயிலயே எல்லாம் வர்ற மாதிரி செஞ்சு குடு.”

விக்கியோடு சேர்த்துவிடும் சின்ன புரோகிராமுக்கு பிளக்இன் என்று பெயர். யாரோ எழுதிய பிளக்இன் ஒன்றைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தேன். பாதி புரியவில்லை. ஒவ்வொரு வரியாக மாற்றி, எது உடைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றேன். பழைய பில்லிங் புரோகிராமில் எஃப் ஃபைவ் அடித்தால் சேவ் ஆகும். பிரவுசரில் அதை அடித்தால் பக்கம் புதிதாகத் திறந்து, சேவ் செய்யாததெல்லாம் போய்விடும். அக்கா பழக்கத்தில் அதை அடித்து இரண்டு தடவை அரை நாள் வேலையை இழந்தார். இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினார். அந்தக் கீயைப் பிடித்து சேவ் ஆக்குவதற்கே எனக்குப் பதினைந்து நாள் ஆனது.

மூன்று மாதத்தில் முடித்தேன். எஃப் டூ அடித்தால் கீழே ஒரு கட்டம் திறக்கும். இங்கிலீஷ் எழுத்து இ என்றால் ஏழாயிரம்பண்ணை, பி என்றால் பூச்சட்டி. பொருந்தும் பக்கங்கள் வரிசையாக வரும். என்டர் அடித்தால் மேலே நிற்கும் பக்கத்தின் ஜாப் கார்டு நேராகப் பிரிண்டருக்குப் போகும். இந்த வருடப் பக்கம் மேலே, போன வருடப் பக்கம் அதற்குக் கீழே. அண்ணாச்சி சந்தோஷப்பட்டு மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்.

அண்ணாச்சிக்கு ஒரு வசதி

கொஞ்ச நாளில் அண்ணாச்சியும் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரேட் பார்க்க ஆரம்பித்தார்.

“ஏலே மாரி, நான் கடைசியாப் பாத்தது மேல வந்து நிக்கணும்லே. ஒவ்வொரு தடவையும் நான் தேடிக்கிட்டு கெடக்கவா?”

நாலே வரிதான். எழுதினேன். பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. ஏழு காப்பி எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. வசதிதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படவில்லை.

அக்காவின் கண்

மேனேஜர் வந்தது வியாழக்கிழமை. மூன்று நாளில் புது லேபிள் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிய பிறகு, நான் எரிச்சலோடு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏங்க்கா, லிஸ்ட்ல போன வருசம்னு தெளிவா எழுதியிருக்கே. பாத்து அடிக்கக் கூடாதா?”

“எதப் பாக்கச் சொல்லுத?”

“ஸ்கிரீனத்தான்!”

“அத எதுக்குப் பாக்கணும்? இன்ஸ்டிடியூட்ல காகிதத்த விட்டுக் கண்ண எடுத்தா ஸ்கேலாலயே வைப்பாக. இங்கன பாரு.”

ஆர்டர் சீட்டை இடப்பக்கம் வைத்தார். எஃப் டூ, இ, பி, என்டர். நாலு தட்டு. பிரிண்டர் கத்தியது, கார்டைக் கிழித்தார். அவர் கண் சீட்டை விட்டு ஒரு தடவைகூட நகரவில்லை. அத்தனை நாளும் நான் ஸ்கிரீனைத்தான் பார்த்திருந்தேன்; அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. தப்பான கார்டு அடித்த அன்று காலையில் அண்ணாச்சி ரேட் ஒப்பிட, போன வருடப் பூச்சட்டிப் பக்கத்தைத் திறந்திருந்தார். என் நாலு வரி அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டது. அக்கா அதே நாலு கீயைத்தான் அடித்தார். பக்கம் மாறிவிட்டது. கார்டில் வருடமும் அச்சாகாது. அதையும் விட்டவன் நான்தான்.

உடனே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சீட்டுக் கிழித்துவிடுவாரோ, போலீசுக்குப் போவாரோ, வேறு பிரஸ்ஸில் சேரவிடாமல் செய்வாரோ என்று வியாழன் போனது. வெள்ளியும் போனது. சனிக்கிழமை சம்பளக் கவரை அக்கா எண்ணினார். முந்நூறு குறைவு. கவரைப் பர்ஸில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“கண்ணு செக் பண்ணணும் போல தம்பி. எனக்கும் வயசாகுதுல்ல.”

திங்கட்கிழமை காலை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவும் அங்கேதான் இருந்தார்.

“அப்ப மேல வரணும்னு கேட்டது யாரு அண்ணாச்சி?” என்றார் அக்கா.

“நான் கேப்பேன்மா. நூறு கேப்பேன். செய்யறவனுக்குப் புத்தி வேணாமா?”

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்காவின் வேலை தப்பியது. “மூணு நாளா இத நெஞ்சுல வச்சுக்கிட்டா என்கிட்ட டீ வாங்கிக் குடிச்ச?” என்று மட்டும் கேட்டார். நான் அந்த நாலு வரியை எடுத்தேன். கார்டில் வருடத்தைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அண்ணாச்சிக்கு மட்டும் வேறு கீயில் தனி லிஸ்ட் செய்து கொடுத்தேன்.

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஒருவர் விரலுக்குப் பழகிய ஒன்றை அவரிடம் சொல்லாமல் நகர்த்தாதீர்கள், நகர்த்துவது நல்லதுக்காகவே இருந்தாலும். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

எனக்குத் தருவதாகச் சொன்ன மூவாயிரத்தை அண்ணாச்சி நட்டத்தில் கழித்தார். மீதி ஐயாயிரத்து அறுநூறை வாரம் இருநூறாக இருபத்தெட்டு வாரம் பிடித்தார். ஆக எட்டாயிரத்து அறுநூறும் என்னிடமிருந்தே வந்துவிட்டது. அக்காவிடம் பிடித்ததை நான் திருப்பிக் கேட்டபோதெல்லாம் “பாப்போம்லே” என்றார். நான் என் கையிலிருந்து கொடுத்தேன், அக்கா வாங்கவில்லை. “பிடிச்சவுகதான் தரணும்” என்றார்.

இன்னும் தரவில்லை. முந்நூறு ரூபாய்.