மாப்பிள்ளை மீனுக்குக் காவல்

என் அக்கா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் சரியான பதில். திரைச்சீலை தைக்கிறாள் என்றும் சொல்லலாம். துணியை வாடிக்கைக்காரர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள், தைத்ததும் அவர்களே வந்து வாங்கிப் போவார்கள். அவள் தைத்த துணி ஊர் முழுக்க ஜன்னல்களில் ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் மட்டும் தெருமுனையைத் தாண்டுவதில்லை.

நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் இடம். அந்தப் பழக்கமோ என்னவோ, எனக்கு வாயை மூடத் தெரியாது. அக்காவுக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிட்டேன் என்று அம்மா சொல்வாள்.

அத்தான் எடை அளவுத் துறையில் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவார். அவர் ஓய்வு பெற்றபோது கடைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அக்காவுக்குத்தான் சோதனை ஆரம்பித்தது. டீயில் சர்க்கரை தூக்கலா, மேஜை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டி, எழுந்து ஓடலாமா என்று இருக்கும். அக்கா அதே காற்றில்தான் காலம் தள்ளுகிறாள்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு மீன் தொட்டி வாங்கினார். ஆள் படுக்கிற நீளம். கூடத்தில் வெயில் படும், வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் தொட்டி அக்காவின் தையல் மெஷின் இருக்கும் பின்னறைக்குப் போனது. அந்த அறையின் ஒரே ஜன்னலையும் அத்தான் சாத்தித் தாழ் போட்டு, அதன் மேல் அக்காவையே ஒரு கறுப்புத் திரை தைத்துப் போடச் சொன்னார். அன்றிலிருந்து அவள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள்.

தொட்டியில் ஏழெட்டு மீன் விட்டார்கள். அதில் ஓர் ஆஸ்கார் மீன் மற்றதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, முழங்கை நீளத்துக்கு வளர்ந்து தனிக்காட்டு ராஜாவாக நின்றது. அத்தான் இரை போட்டால் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அக்கா போட்டால்தான் வரும். அவள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். முறுக்கு, வீம்பு, வேளாவேளைக்குக் கவனிப்பு, எல்லாப் பொருத்தமும் சரியாக இருந்தது. பெண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை.

அதோடு அவள் கதை முடிந்தது. எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் ஆனபோதுகூடக் காலையில் வந்து சாயங்காலம் ஓடிவிட்டாள். மீனை யார் பார்ப்பது என்பதுதான் காரணம். என் வீட்டில் அவள் ஓர் இரவு தங்கிப் பல வருஷம் ஆகிறது. மீன் என்ற பெயரில் அவளைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எரிச்சல். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவள் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும்.

சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடாயிற்று. அத்தானுக்கு வீசிங் உண்டு. தின்னர் வாசனை அவருக்கு ஆகாது. அதனால் வேலை முடியும்வரை அவர் என் வீட்டில் வந்து தங்குவது என்று முடிவானது. அக்காவும் வருவாள் என்று நான் படுக்கையெல்லாம் விரித்து வைத்தேன். பையோடு வந்து இறங்கியது அவர் மட்டும்.

அவளுக்கு அவர் இட்டுவிட்டு வந்த கட்டளைகளை என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். சுவரில் பட்டி பூசித் தேய்க்கும்போது தூசி பறக்கும். தொட்டியை இரண்டு மடிப்புப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிச் சுற்றிலும் டேப் ஒட்ட வேண்டும். காற்று பம்ப்பை ஷீட்டுக்கு உள்ளே வைத்தால் சூடேறும், அதனால் வெளியே ஸ்டூலில் வைத்து டியூப்பை மட்டும் உள்ளே விட வேண்டும். அறைக் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணி திணிக்க வேண்டும். அவள் அறையை விட்டு நகரக் கூடாது. அவளுக்கு வாசனை ஒத்துக்கொள்ளுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறாள் என்றார் அத்தான். நான் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குள் மூன்று தடவை அவளுக்குப் போன் போட்டார். மூன்றும் மீனைப் பற்றித்தான். நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை வரவில்லை. கிளினிக்கில் சொல்லிவிட்டு மதியம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். பெயிண்டர் பின்னறைக் கதவுக்கு எனாமல் அடித்து முடித்துப் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேதான் இருக்கிறார்கள், வெளியே வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்றுவிட்டார்கள் என்றார். கதவு பளபளவென்று ஈரமாக இருந்தது. தொட்டால் கை ஒட்டும். எனக்கே கண் கரித்தது.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். கறுப்புத் திரை விலகியது. அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தொட்டியைக் காட்டினாள். ஷீட்டை ஒரு பக்கம் கிழித்துவிட்டிருந்தாள். மாப்பிள்ளை மேலே மிதந்து வாயை வாயைத் திறந்தது. முறுக்கெல்லாம் போய்விட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் போனில் பேசினோம்.

"டியூப்பை மோந்து பாத்தேன்டி. அப்படியே எனாமல் நாத்தம். ஷீட்டைப் போட்டு இறுக்கி மூடிட்டு, பம்ப்பை வச்சு அந்த விஷக்காத்தை நாமளே உள்ள ஊதிக்கிட்டிருக்கோம்."

அத்தானின் அளவெல்லாம் அச்சுப்பிசகாமல் இருந்தது. பம்ப் எந்தக் காற்றை இழுக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அந்தக் காற்றில் அவர் பெண்டாட்டியும் உட்கார்ந்திருப்பாள் என்பதையும் யோசிக்கவில்லை. முதலில் ஜன்னலைத் திற என்றேன். பாசி பிடிக்கும், அவர் வைவார் என்று இழுத்தாள். செத்த மீனுக்குப் பாசி பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன என்று நான் கத்தியதும்தான் தாழில் கை வைத்தாள். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. அவள் உள்ளிருந்து தள்ள, நான் பெயிண்டரின் சுரண்டுதகட்டை இடுக்கில் விட்டு நெம்ப, கடைசியில் ஒரு முனகலோடு திறந்துகொண்டது.

அக்கா பம்ப்பை ஜன்னல் விளிம்பில் கம்பிக்கு வெளியே வைத்து, டியூப்பை நீட்டி விட்டாள். பிறகு அதன் பக்கத்திலேயே கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்தாள். அவளும் பம்ப்பும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு அழுகை வந்தது. கம்பி வழியாகக் கையை விட்டு அவள் தலையைத் தடவினேன். தலைமுடியெல்லாம் பட்டித்தூள்.

அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றாள். ஒரு கை டியூப்பைப் பிடித்திருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைக் கேட்டதும் அத்தான் பதறிவிட்டார்.

"மீனை உடனே மூடி போட்ட வாளியில எடுத்து உன் தங்கச்சிகிட்டக் குடுத்தனுப்பு. இனி ஒரு நிமிஷம்கூட அது அங்க இருக்கக் கூடாது."

"சரிங்க." அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "நான்?"

"நீ எப்படி வருவே? தொட்டித் தண்ணிய யார் பாத்துக்கறது? மீனுக்குப் பழகின தண்ணிம்மா அது, பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடைமுறையை விளக்குகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. மீன் இல்லாத தண்ணீருக்கு ஒரு காவல்.

வாளி ஜன்னல் கம்பிக்குள் நுழையாது. கதவைத் திறந்தே ஆக வேண்டும். பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டு, கைப்பிடியில் துணியைச் சுற்றி மெல்ல இழுத்தார். ஈரப் பெயிண்ட் நிலையோடு ஒட்டியிருந்ததால் பிய்த்துக்கொண்டு வந்தது கதவு. நான் முழங்கையால் அதை முட்டுக்கொடுத்தேன். புடவை போனால் போகட்டும். அக்கா மாப்பிள்ளையை வாளியில் ஏந்திக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசற்படிவரை வந்தாள்.

"நீயும் வாக்கா. செருப்பைப் போடு, போயிடலாம். தண்ணி என்ன நடந்தா போயிடப் போகுது?"

ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். குலுக்காமல் எடுத்துக்கொண்டு போ என்று வாளியை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டினேன். கதவைத் திறந்து விட்டாலும் போகத் தெரியாதவளுக்காக யார் என்ன செய்ய முடியும்? மாப்பிள்ளை உள்ளே ஒரு துள்ளு துள்ளி என் முகத்தில் தண்ணீர் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

என் வீட்டுக் குளியலறையில் துணி அலசுகிற பெரிய தொட்டியில் அதை விட்டோம். அத்தான் ஸ்டூல் போட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். குளியலறை இனி எங்களுக்கு இல்லை. குழாயைத் திறக்காதே, விளக்கைப் போடாதே, சோப்பு வாசனை வருகிறதே என்று வரிசையாக வந்தது. டீ கொண்டுபோனேன். சர்க்கரை தூக்கல் என்றார். சாயங்காலம் ஆவதற்குள் என் வீட்டிலேயே எனக்கு மூச்சு முட்டியது.

போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அக்காவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். பெயிண்டரை நேரத்தோடு அனுப்பிவிட்டு எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டிருக்கிறாளாம். கறுப்புத் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாளாம். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"பம்ப்பை நிறுத்திட்டேன்டி. காலையில போட்டுக்கலாம். எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? கூடத்துல நடுவுல பாயைப் போட்டு நீட்டிப் படுத்திருக்கேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்கல."

அப்படியானால் நான் கூப்பிட்டபோது வந்திருக்கலாமே என்றேன்.

"கிளம்பத்தான் காலை எடுத்து வச்சேன். அப்பதான் நெனச்சேன், உன் வீட்டுல அவர் இருக்காரே."

இத்தனை வருஷமாக நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது வெளியே இல்லை, அந்த வீடுதான். அவர் இல்லாத அந்த வீடு.

கீழிருந்து அத்தான் குரல் கொடுத்தார். கதவெல்லாம் காய்ந்துவிட்டதா என்று அவளிடம் கேட்கச் சொன்னார். காய்ந்திருந்தால் மிச்ச வேலையை நிறுத்திவிட்டுக் காலையிலேயே மீனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றார். அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் மூச்சு விடுவது மட்டும் போனில் கேட்டது.

நான் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துச் சொன்னேன்: "இன்னும் காயலையாம் அத்தான். ரொம்ப நாளாகுமாம்."