பட்டாணிக்கு உப்பு ஆவாது

என் பேத்தி நாய்க்குட்டி வாங்கியாந்துக்கிறா. அத ஒக்காரப் பழக்குறதுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டு வேற. "ஆயா, இதுல உப்பு கெடையாது, சக்கர கெடையாது, குட்டிக்கு நல்லது"ன்னு எனக்கே பாடம் எடுக்கிறா. அடியே, இத நான் பாவாட கட்டுன வயசுலயே சொன்னவடி! யாரு கேட்டா? கேட்டிருந்தா என் பட்டாணி என்கூடவே இருந்திருக்கும்.

பட்டாணி என் நாய்க்குட்டி. மரக்காணத்துல உப்பளத்த ஒட்டி எங்க வூடு. அம்மாவும் அப்பாவும் பாத்தியில உப்பு வார்றவங்க. குட்டி வந்ததுலேர்ந்து அடிக்கடி வாந்தி எடுத்துட்டு சுருண்டு படுத்துக்கும். "குட்டிக்கு உப்பு ஆவாதும்மா"ன்னாரு அப்பா. அவ்ளோதான், நான் டாக்டராயிட்டேன். சக்கரவள்ளிக் கெழங்க அவிச்சு நகத்தளவு கிள்ளி வச்சிப்பேன். மீன உப்பில்லாம வேகவச்சு, முள்ளு எடுத்து உருட்டிப்பேன். "பட்டாணி, வா"ன்னா வரணும், வந்தா ஒரு கிள்ளு. "ஒக்காரு"ன்னா ஒக்காரணும், இன்னொரு கிள்ளு. பள்ளிக்கூடத்துல நான் ஒக்காந்தத விட அது நல்லாவே ஒக்காந்துச்சு. பாதிக் கெழங்கு என் வாய்க்குப் போனது வேற விஷயம்.

ஆனா வாந்தி மட்டும் நிக்கல.

அப்பதான் இரும்பை ஊர்லேர்ந்து வந்தாரு மாமா, அம்மாவோட அண்ணன். அவரு முந்திரித் தோப்புக்குக் காவலுக்கு என் குட்டி வேணுமாம். குடுக்க மாட்டேன்னு கத்துனேன்.

"சரி, பந்தயம் வச்சிக்கலாம். நடுவுல விடுவோம், ரெண்டு பேரும் கூப்புடுவோம். யாருகிட்ட வருதோ அவங்களுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என் கையில கெழங்கு இருக்குது, அவருகிட்ட என்ன இருக்குது, மீசதான! ஒத்துக்கினேன்.

அம்மாதான் குட்டிய நடுவுல விட்டாங்க. "பட்டாணி, வா!" என்னப் பாத்து ரெண்டு அடி எடுத்து வச்சுது. அப்புறம் மூக்கத் தூக்குச்சு. ஒரே ஓட்டம், மாமா மடிக்கு! அவரு உள்ளங்கைய நக்கு நக்குன்னு நக்குது.

ஓடிப் போயி அந்தக் கைய மோந்து பாத்தேன். கருவாடு!

"கள்ளாட்டம்! கருவாட்டத் தேச்சிக்கினு வந்துக்கிறாரு!"

"ஏம்மா, கைய கழுவாம வந்துட்டேன், அது ஒரு குத்தமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. உப்புல ஊறுன கருவாடு! வேகவச்ச மீனுல முள்ளு பொறுக்குனவ தோத்தாளாம், கை கழுவாதவரு ஜெயிச்சாராம். என்னா நியாயம் பாரு! மாமா பட்டாணிய சைக்கிள் கூடையில வச்சிக்கினு போயிட்டாரு. இன்னிக்கும் சொல்றேன், அது கள்ளாட்டம்தான்.

"அங்க நல்ல தண்ணிக் கெணறு இருக்குதுடி"ன்னு மட்டும் சொன்னாங்க அம்மா. நாய்க்கு எதுக்குக் கெணறு, நீச்சல் கத்துக்கவா?

அன்னிக்கு அழுதுக்கினே சோறு தின்னேன். ஊட்டுன அம்மா கையிலயும் அதே வாசன. அன்னிக்கு எங்க வூட்ல கருவாடே ஆக்கல. அது எப்டின்னு எனக்குக் கேக்கத் தோணல.

இன்னொன்னும் தோணல. அம்மாகூட நானும் பாத்தியில எறங்கி வெளையாடிட்டு ஏறி வந்தா, காஞ்ச உப்பு என் கணுக்கால் வரைக்கும் வெள்ளையா பூத்திருக்கும். கெழங்கத் தின்னு முடிச்சதும் பட்டாணி ஓடியாந்து நக்குனது அந்தக் கணுக்காலத்தான். பாசம்னு நெனச்சு கால ஆட்டாம நிப்பேன். அம்மா அதப் பாத்துக்கினே இருப்பாங்க.