திறப்பை நகையாக்கிய காலம்

நகை வேலை செய்கிறவன் கதவுக்கும் பதில் சொல்லவேண்டி வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுபதுகளில் மெல்பேர்ன் பலக்லாவாவில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் வேலை செய்தேன். வாடிக்கையாளரிடம் அகப்பட்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் யூதர்கள். வெள்ளி பொழுது விழுந்தால் சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள்; தெருவில் ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. வீட்டுச் சாவி, அதாவது எங்கள் திறப்பு, அதுவும் கூடாது. ஆனால் நகையாக அணிந்து போகலாம்.

முதல் திறப்பு

தையல்காரர் ஒருவர் வாசல் திறப்பைக் கொண்டுவந்து டை பின் ஆக்கித் தரச் சொன்னார். தாலி கட்டினவளைப் பவுன் காவுகிறாள், சுமக்கிறாள் என்று யாரும் சொல்வதில்லையே, அந்த நியாயம் எனக்கு உடனே பிடிபட்டது. இது என்ன பெரிய வித்தை என்று திறப்பின் முதுகில் ஒரு ஊசியை ஒட்டி நீட்டினேன். அவர் கண்ணாடி முன் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது ஊசி குத்தின திறப்பு. எனக்கு வேண்டியது கதவு திறக்கிற டை பின்."

இடுப்புத் திறப்பு

அடுத்தவருக்கு இடுப்புப் பட்டி. திறப்பு அதில் சும்மா தொங்கக்கூடாது, அதுவே பட்டியைப் பூட்டவேண்டும். அப்படியே செய்தேன், அச்சாவான வேலை என்று இன்றும் சொல்வேன். கதவடியில் அதைக் கழற்றினால் காற்சட்டை என்ன ஆகும் என்று மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை அவர் மனைவி வந்தார். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

"அடுத்த முறை தோளில் மாட்டுகிற வாரையும் சேர்த்து விற்றுவிடு."

வெள்ளிக்கிழமை

மிசிஸ் ஹானா தனியே இருந்த விதவை. ஒருமுறை வீட்டில் களவு போயிருந்தது. திறப்பை வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி வேறு ஊர் போனபின், சனிக்கிழமைகளில் அவர் வெளியே போவதேயில்லை. இப்போது பேரன் முதன்முறையாகத் தொழுகைக் கூடத்தில் எழுந்து நின்று வேதம் வாசிக்கப்போகிறான். மூன்று இலையும், தண்டாகத் திறப்புமாய் சட்டையில் குத்துகிற ஒரு புரூச் செய்து, வெள்ளி மதியம் கொடுத்தனுப்பினேன்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. பூட்டுக்குள் போகவில்லையாம். ஒட்டும்போது பற்றாசு உருகித் திறப்பின் வெட்டுக்குள் ஓடியிருக்கவேண்டும். நான் மினுக்குவதில் மயங்கி அதைக் கவனிக்கவில்லை. அரத்தை எடுத்துக்கொண்டு டிராமில் கோல்ஃபீல்டுக்கு ஓடினேன். குளிர்காலம், ஐந்து மணிக்கே பொழுது விழுந்துவிடும். அதற்குப் பிறகு அராவித் தா என்று அவர் என்னைக் கேட்கவும் கூடாது. அவர் படியில் நின்று வானத்தையே பார்த்தார். என் கையில் எனக்கு நம்பிக்கை உண்டு. கொஞ்சம் அராவினேன், போட்டுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் அராவினேன். பூட்டுத் திரும்பியது. அவர் ஓய்வுநாள் மெழுகுதிரி ஏற்ற உள்ளே போனார்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். பையன் எப்படி வாசித்தான் என்று கேட்டேன்.

"நன்றாக வாசித்தான். இவ்வளவு காலமும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு நான் காவல் இருந்தேன். இந்தச் சனி அது தன்பாட்டில் இருந்தது."

ஊரே ஓய்ந்திருக்கும் சனிக்கிழமையில் தவறாமல் வேலைக்குப் போனவை நான் செய்த நகைகள் மட்டும்தான்.