வெள்ளிக்கிழமை வறை

அன்னபாக்கியம் ஓரிடத்தில் இருந்ததை இரணைமடுக் குடியேற்றத்தில் ஒருவரும் கண்டதில்லை. சோற்றைக்கூட நின்றபடிதான் தின்பாள். காடு வெட்டிப் பிழைக்க வந்த இடத்தில் குந்தியிருந்து கதைக்க ஆருக்கு நேரம் என்று கேட்பாள். அதெல்லாம் சாட்டு. சும்மா இருந்தால் அவளுக்கு அண்ணனின் ஞாபகம் வந்துவிடும்.

அண்ணன் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவளுடைய புருஷன் ஐயாத்துரை இங்கே காணி எடுத்தபோது, "நாள் கிழமை தெரியாத காட்டுக்கோ என்ர தங்கச்சியைக் கொண்டுபோறாய்? அந்த வீட்டில நான் கை நனைக்கமாட்டன்" என்று சபையில் சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆறு வருடம் எட்டிப்பார்க்கவில்லை. பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

அந்த அண்ணன் ஒரு மத்தியானம் படலையில் வந்து நின்றார்.

"நெல்லு விசயமாக் கிளிநொச்சிக்கு வந்தனான். பஸ் கடைசி மட்டும் போய்த் திரும்ப ஒரு மணித்தியாலம் ஆகுமாம். அதில போயிடுவன்."

"சாப்பிட்டுப் போங்கோ அண்ணை."

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதிரையில் இருந்தார். அதுவே அவளுக்குப் போதும்.

ஐயாத்துரை வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். பானையில் சோறு இருந்தது, கறிதான் இல்லை. அன்னபாக்கியம் முருங்கைக் கொப்பை முறித்து, குசினிக்குள் ஓடி, இலையை உருவினாள். சட்டி காய்வதற்குள் வெங்காயம் அரிந்தாயிற்று. வெங்காயம் வதங்குவதற்குள் தேங்காய் துருவியாயிற்று. நடுவே மூன்று தடவை வெளியே வந்து, அண்ணன் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனாள். இலை சுண்டியதும் அடைக்கு வைக்கவென்று சேர்த்திருந்த முட்டையில் இரண்டை எடுத்து உடைத்து ஊற்றிக் கிளறினாள். சின்ன வயதில் இந்த வறைக்காகத்தான் அண்ணன் அவளோடு சண்டை பிடிப்பார்.

சட்டியை மூடி இறக்கிவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். அப்போதுதான் அவருடைய நெற்றியைச் சரியாகப் பார்த்தாள். திருநீறு, நடுவில் சந்தனம்.

"கோயிலுக்குப் போட்டோ வாறியள்?"

"வெள்ளியெல்லே பிள்ளை. பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் பஸ் ஏறினனான்."

அவள் செம்பை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குடியேற்றத்தில் நாட்களை எண்ணுவது வாய்க்கால் தண்ணீர் முறையை வைத்து. இன்றைக்கு எங்கள் முறை, நாளைக்குப் பக்கத்துக் காணிக்காரருடையது. வெள்ளியும் செவ்வாயும் அந்தக் கணக்கில் எங்கேயோ தொலைந்துபோயின. அண்ணன் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடமாட்டார்; முட்டையும் அவருக்கு மச்சம்தான். நாள் கிழமை தெரியாத காடு என்று சொன்ன மனிதருக்கே முட்டை வறையைச் சமைத்து வைத்திருக்கிறாளே!

"கொஞ்சம் இருங்கோ, வாறன்."

பின்பக்கத்தால் வாய்க்காலுக்கு ஓடினாள். முழங்காலளவு சேற்றில் இறங்கிப் பொன்னாங்காணிக் கீரையைப் பிடுங்கினாள். தூரத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் பஸ்ஸோ என்று நிமிர்ந்து பார்த்தாள். முட்டை படாத வேறு சட்டி வேண்டுமே, அடுப்பு அணைந்திருக்குமே என்று மனம் அவளுக்கு முன்னால் ஓடியது. பிடுங்கியதில் பாதி புல்.

திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. குசினியில் வறைச் சட்டி வழித்துக் கிடந்தது. ஒருநாளும் தானாகச் சோறு போட்டுச் சாப்பிடாத மனிதர், கிணற்றடியில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அது முட்டையெல்லே!"

"கண் தெரியாதே எனக்கு?"

"வெள்ளிக்கிழமை..."

"வெள்ளி அடுத்த கிழமையும் வரும்," என்றார் சிற்றம்பலம், அவளைப் பார்க்காமல். "பஸ்ஸுக்கு நேரமாகுது. நீ எங்க போனாயோ தெரியேல்ல. உன்ர வீட்டில சாப்பிடாமப் போக மனம் வரேல்ல."

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஆறு வருடமாகக் காத்திருந்த சாப்பாடு, அவள் சேற்றில் நின்ற நேரத்தில் முடிந்துபோயிற்று.

"நான் வரும்வரைக்கும் பொறுக்கேலாதோ? என்ர கையால போட்டுத்தர எனக்குக் குடுத்துவைக்கேல்லையே!" என்று கீரையோடு நின்று அழுதாள்.

அவர் கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்கால் வீதியில் பஸ்ஸின் ஹோர்ண் கேட்டது.

"சரி, அதையும் சமை," என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ப் பலகையைப் போட்டு அதில் இருந்தார்.

பஸ் படலையடியில் ஒருமுறை நின்று போயிற்று. பொன்னாங்காணி சுண்டியதும், அவள் சோற்றைப் போட்டு அதன்மேல் அள்ளி வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் காணாது."

அன்னபாக்கியம் உப்புச் சிரட்டையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் சம்மணம் போட்டு இருந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பவில்லை.