மத்தியானம் வரை தண்ணீர் இல்லை

கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு பிரெஞ்சு ஆரம்பப் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாது. இடைவேளையிலும் முற்றத்தில் மேற்பார்வை. பனிக்காலமென்றால் அதற்கு முன்னும் பின்னும் சப்பாத்து, கையுறை, அழுகை. கழிப்பறையோ தாழ்வாரத்தின் மறுகோடியில். ஆகவே காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பிறகு தேநீரையும். தொண்டை காய்ந்து கிடக்கும். அதை என் திறமை என்றே எண்ணியிருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாகச் சுரீரென்று குத்தியது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுத்துகளை உரக்கச் சொல்லியபடியே நின்றேன். உடம்பு நடுங்கத் தொடங்கியது. முன்வரிசைச் சிறுமி எழுந்து வந்து தன் கம்பளித் தொப்பியை என் கையில் வைத்தாள்.

"மதாம், உங்களுக்குக் குளிருது," என்றாள் பிரெஞ்சில்.

அப்போதும் மணி அடிக்கும்வரை நான் அசையவில்லை.

துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டும் என் கணவர் வேலையை இடையில் விட்டுவிட்டு வந்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் சென்னைக்காரர்.

"கிட்னில இன்ஃபெக்‌ஷன். தண்ணியே குடிக்கிறதில்லையா நீங்க?"

"வகுப்பை விட்டுட்டு டொய்லட்டுக்குப் போகேலாது, டொக்டர்."

"பசங்க கேட்டா அனுப்புவீங்கல்ல?"

"ஓம், உடனே அனுப்புவன்."

"அப்ப உங்கள யாரு அனுப்பணும்?"

பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு நாளும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்."

இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருக்க முடியவில்லை. படுத்தால், இப்போது யார் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்று யோசனை ஓடும். எழுந்து அலுமாரியை அடுக்கினேன், அடுக்கியதைக் குலைத்தேன். மெட்ரோ ஏறி ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். தக்காளியைக் கையில் எடுத்தபடியே எனக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன்: மூன்றாவது மேசைப் பையனை ஜன்னலுக்கருகில் இருத்த வேண்டாம். பதில் வரவில்லை. தக்காளியை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இரண்டாம் வாரம் முடியுமுன்பே ஒரு காலை உடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கை வெளிக்கிடுறீர்?" என்றார் கணவர்.

"சும்மா ஒருக்கால் பாத்திட்டு வாறன்."

"உமக்கு உடம்பு சரியில்லையப்பா."

கேட்காமல் போனேன். தாழ்வாரத்தில் என்னை மறித்தவர் அடுத்த வகுப்பு ஆசிரியை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கியூபெக்காரி. திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் காலியான ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உனக்கு என்ன வந்தது என்று கேள்விப்பட்டேன்," என்றார். "எனக்கு அது மூன்று தடவை வந்திருக்கிறது. ஒருவரிடமும் சொன்னதில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் முதலில் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. புத்தக அலுமாரி ஒன்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. நான் முறைப்படி வேலைக்குத் திரும்பிய அன்று காவலாளியைக் கூப்பிட்டு அதை நகர்த்துவித்தோம். ஒருவர் வெளியே போனால் மற்றவர் வாசலில் நின்று இரு பக்கமும் பார்ப்பார். பாடசாலை அதிபர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனார்.

முதல் நாள் நான் போனபோது ஓட்டமாக ஓடி, கையைத் துடைக்காமலே திரும்பினேன். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பிள்ளைகள் நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

நோய் திரும்பி வரவில்லை. பரபரப்பு மட்டும் போகவில்லை. ஞாயிறு பின்னேரமானால் கால் தானாக ஆடத் தொடங்கும். கணவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்துவார். கொஞ்ச நேரம் நிற்கும்.