திரையை மட்டும் பார்ப்பவர்

ஹப்சிகுடாவில் என் மகளுக்குக் கவனப் பயிற்சி கொடுப்பவரை எனக்கு முதல் நாளிலேயே பிடிக்கவில்லை. ஒல்லியான உடம்பு, கசங்காத சட்டை, எதற்கும் அசையாத முகம். ஓரிடத்தில் உட்காராத என் ஏழு வயதுப் பெண்ணின் நெற்றியில் சென்சார் ஒட்டுவார். தசை இறுகினால் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். கோட்டை இறக்கப் பழகினால் கவனமும் நிலைக்கு வருமாம். அவர் கண் எப்போதும் திரையில்தான் இருக்கும். குழந்தையின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் ஜன்னலில் தத்தித் தத்தி நடந்த புறாவைப் பார்த்து அவள் கலகலவென்று சிரித்தாள்.

"நக்கோ, வேண்டாம் பாப்பா, கோடு ஏறிடுச்சு" என்றார், தலையைத் திருப்பாமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்கிறதுகூடத் தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லலையே மேடம். ஏறிடுச்சுன்னுதான் சொன்னேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." சென்சாரை நானே பிய்த்தெடுத்து, அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் அவள் விம்மி விம்மி அழுதாள். அங்கிளிடம் மறுபடி போக வேண்டுமாம்.

"எதுக்குடி? அந்த ஆளு உன் மூஞ்சியைக்கூடப் பாக்கறதில்ல."

அவள் இந்த ஊர்த் தெலுங்கில் பதில் சொன்னாள். பள்ளியில் மிஸ், வீட்டில் நானும் அப்பாவும், எந்நேரமும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறோமாம். அவர் ஒருவர்தான் பார்ப்பதில்லையாம்.

மறுநாள் திரும்பவும் கூட்டிப்போனேன். அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அவர் பக்கத்தில் அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்காருவதில்லை.