சொன்ன பேச்சு கேட்காத கை

மதியச் சங்கு ஊதியதும் தொழிற்சாலை கேன்டீனுக்குள் அறுநூறு பேர் ஒரே நேரத்தில் நுழைவார்கள். அந்த அறுநூறு வயிற்றுக்கும் பொறுப்பு ஒரே ஆள். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மாஸ்டர் எதையும் ருசி பார்ப்பதில்லை. இடது கையில் கிளறுகிற துடுப்பு, வலது கை உப்புத் தொட்டிக்கும் அண்டாவுக்கும் நடுவில். வாய் யாரையாவது விரட்டிக்கொண்டிருக்கும், கண் வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை தானாகப் போகும், அள்ளும், தூவும், திரும்பும். எவ்வளவு என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். சமையல் எப்படி என்பதை அவர் சாப்பாடு முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்வார். கழுவ வரும் தட்டுகளின் பக்கம் போய் நின்று, என்ன மிச்சம் வந்திருக்கிறது என்று பார்ப்பார். "வாய் மரியாதைக்குப் பொய் சொல்லும். தட்டு சொல்லாது" என்பார்.

இப்படிப்பட்டவருடைய வீட்டு அடுப்பில் பல வருடமாகக் கொதித்தது டீத் தண்ணீர் மட்டும்தான்.

வீடு இரண்டாம் மாடியில். கீழே தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ஜன்னலைத் திறந்தால் பொரிக்கிற எண்ணெய் வாசனை அனுமதி கேட்காமல் உள்ளே வரும். அவர் மனைவிக்கு டாக்ஸி நிலையத்தில் போன் எடுக்கும் வேலை. வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும்.

"ஊருக்கெல்லாம் பந்தி போடுற மனுஷன் சொந்த வீட்டுக்குப் பார்சல் வாங்குறாரு. வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்பார் மனைவி.

"நாள் பூரா கரண்டியோட குடும்பம் நடத்திட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் அவகூடயேவா?"

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அப்பாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் கதவைத் திறந்து அவள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னைக்கு எந்தக் கடைப்பா?"

ஒரு நாள் காலையில் வாலுவின் கண் இமைகள் வீங்கியிருந்தன. தூக்கம் என்று நினைத்தார்கள். அடுத்து கால் வீங்கியது. பள்ளிக்கூட ஷூ ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டு, வீக்கம் பாதி வடிந்ததும் அனுப்பினார்கள். சிறுநீரகம் புரதத்தை வெளியே விட்டுவிடுகிறது, மாத்திரையில் சரியாகிற நோய்தான், ஆனால் மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பில் தண்ணீர் தேங்க விடக் கூடாது என்று டாக்டரம்மா விளக்கினார்.

"உப்பு உள்ள போனா தண்ணி வெளிய போகாது. இப்போதைக்கு சமையல்ல உப்பு சேர்க்காதீங்க. கடைச் சாப்பாடு கண்ணுலயே காட்டாதீங்க. வீக்கம் நெஞ்சுப் பக்கம் போச்சுன்னா மூச்சு விடவே கஷ்டப்படுவா."

வீடு திரும்பும் வழியில் மாஸ்டர் இரண்டு சின்னச் சட்டி வாங்கினார்.

அன்று தொடங்கியது வீட்டுச் சமையல். கேன்டீன் முடிந்து ஐந்து மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அறுநூறு பேருக்கு நடுங்காத மனிதர், சின்னச் சட்டியில் மூன்று உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தார். வாலுவுக்கு உப்பில்லாமல் தனியாக ஒரு சட்டி. தனக்கும் மனைவிக்கும் இன்னொரு சட்டி.

வாலு ஒரு வாய் வைத்தாள். அப்படியே தட்டில் துப்பினாள்.

"பேப்பர் மாதிரி இருக்கு."

"நீ எப்ப பேப்பர் தின்ன?"

"ஒண்ணாங் கிளாஸ்ல. அது இதைவிட நல்லா இருந்துச்சு."

சிரிக்கத்தான் தோன்றியது. சிரிக்க முடியவில்லை. அந்த மாத்திரைக்குப் பசியைக் கிளப்புகிற குணம் உண்டு. பிள்ளைக்குப் பசியில் உயிர் போனது. பசித்தும் சாப்பிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே கடையின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் பழக்க தோஷத்தில் கையை ஆட்டி, "என்ன பாப்பா, அப்பா கட்சி மாறிட்டாரா? பார்சலே காணோம்?" என்று கத்தினார். மாஸ்டர் ஜன்னலைச் சாத்தினார். வாலு அழுதாள். திறந்தார். அதற்கும் அழுதாள்.

முட்டையில் மிளகு தூவிப் பார்த்தார். தக்காளியைச் சுட்டுப் பிசைந்து பார்த்தார். எலுமிச்சை பிழிந்தார். நூடுல்ஸை வெங்காயத்தோடு வதக்கினார். தினமும் தட்டு நிறைந்தபடியே திரும்பி வந்தது. தட்டு பொய் சொல்லாது என்று அவரே சொன்னதுதான். இப்போது அது சொன்ன உண்மையை அவரால் தாங்க முடியவில்லை. கன்னம் வீங்கியும் தோள் எலும்பு துருத்தியும் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகத் தெரிந்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம், வாலு சாப்பிட்டாள்.

கோழியும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக ஒரு சூப் வைத்திருந்தார். முதல் கரண்டியில் அவள் முகம் மாறியது. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். மறுபடி கேட்டாள். அதற்கப்புறமும் கேட்டாள். மாஸ்டர் கொடுத்துக்கொண்டே இருந்தார். காலியான கிண்ணத்தைக் கழுவாமல் மேஜையில் வைத்தார், மனைவி வந்து பார்க்கட்டும் என்று.

மனைவி வந்தார். பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க, அப்படி என்னதான் மந்திரம் போட்டீங்கன்னு பாக்குறேன்."

ஒரு வாய். கரண்டி நின்றது.

"என்னங்க... உப்பு போட்டீங்களா?"

"இல்லையே."

"நீங்களே குடிச்சுப் பாருங்க."

குடித்துப் பார்த்தார். உப்பு. அளவான, அழகான, அறுநூறு பேர் சப்புக்கொட்டும் உப்பு. சூப் கொதிக்கும்போது கேன்டீனிலிருந்து போன் வந்தது. நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், கூடுதலாகச் சமைக்க வேண்டும் என்றார்கள். காதில் போன், கண் சுவரில், வாய் கறிகாய்க் கணக்கில். வலது கை மட்டும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அடுப்புக்கு வலப்பக்கம், பெரியவர்கள் சட்டிக்காக வைத்த உப்பு டப்பா மூடி திறந்து கிடந்தது.

மறுநாள் காலை வாலுவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. டாக்டரம்மா மருந்தை மாற்றி எழுதினார். திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாஸ்டர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். இந்தக் கையை நம்ப முடியாது."

"அப்ப யாரு சமைக்கிறது? கடைக்குப் போகக் கூடாது. எனக்கு வெந்நீர் வைக்கவே வராது. வேற யாரு கை இருக்கு இந்த வீட்ல?"

"பெத்த பிள்ளைக்கு என் கையாலயே..."

"அழுதுட்டு எந்திரிங்க. ஆனா எந்திரிங்க."

மனைவி உப்பு டப்பாவை எடுத்தார். ஊறுகாய், சாஸ், வறுவல் பாக்கெட் என்று உப்புள்ளது எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பையில் போட்டுக் கீழே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். டப்பா இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

அன்று சாயங்காலம் சமைக்கும்போது மாஸ்டரின் கை அந்த வெறும் இடத்துக்குப் போய்த் துழாவியது. போனதை அவரே பார்த்தார். மறுபடி போனது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற கடன்காரன் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்த வாலுவும் பார்த்தாள்.

"கை எதையோ தேடுதுப்பா."

"ஆமாடி. சொன்னா கேக்க மாட்டேங்குது."

"ஏதாவது குடுங்களேன் அதுக்கு. பாவமா இருக்கு."

மாஸ்டர் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தார். எள், மிளகு, பூண்டு எடுத்து வெறும் சட்டியில் கருகாமல் வறுத்தார். வீடு முழுக்க வாசனை ஏறியது. முதல் தடவையாக, உள்ளேயிருந்து வாசனை ஜன்னல் வழியாக வெளியே போனது. ஆற வைத்துக் கொரகொரவென்று இடித்து டப்பாவில் போட்டு, அந்த வட்டத்தில் சரியாக வைத்தார். கை இனி எங்கே போனாலும் கவலையில்லை.

இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. கேன்டீனில் ஒரு சமயம் மேலதிகாரிகளுக்கென்று தனியாக ஒரு அண்டா வைத்தார்கள். ஒரே அரிசி, ஒரே காய்தான். ஆனால் அன்று தொழிலாளர் தட்டெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. வாலுவின் தட்டும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு சட்டி வைத்த வீட்டில் பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

மறுநாள் ஒரே சட்டி வைத்தார். மனைவி டாக்ஸி நிலையத்தில் சண்டை போட்டு ஷிப்ட் மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்திருந்தார். மூன்று பேரும் ஒரே மேஜையில். சுட்ட உருளைக்கிழங்கு, மேலே பொடி, எலுமிச்சை.

மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். இத்தனை வருடத்தில் தன் சமையலை அவர் சூடாக, உட்கார்ந்து, மென்று சாப்பிட்டது அபூர்வம். உப்பில்லாததை மென்றார். முகம் போன போக்கை வாலு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"பேப்பர் மாதிரி இருக்கு."

"எந்தப் பேப்பர்?"

"நல்ல பேப்பர். கணக்கு நோட்டுப் பேப்பர்."

மனைவி, "எனக்கு அட்டை வந்திருக்குங்க" என்றார்.

வாலு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து அவர்கள் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, பொடியில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். மாஸ்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள், பார்த்தால் கலைந்துவிடுமோ என்று பயந்து. பாதித் தட்டு மிச்சம் வந்தது. பாதித் தட்டு!

காலையில் மனைவிதான் ஜன்னல் துணியை விலக்கினார். மாஸ்டர் வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு கட்டிலருகில் நின்றார். இருவரும் குனிந்து வாலுவின் இமைகளைப் பார்த்தார்கள்.

"குறைஞ்சிருக்கா?"

"தெரியலைங்க. கூடலை."

"நிஜமா கூடலையா?"

"கூடலை."

வாலு வீங்கிய இடுக்கு வழியாக ஒரு கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தாள்.

"இன்னைக்கு என்னப்பா சமைக்கப் போறீங்க?"

மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தார், ஏதாவது கடையின் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டார். கீழே கடை திறக்கிற சத்தம் கேட்டது. எண்ணெய் இன்னும் காயவில்லை.